அட்டமியில் வைத்த சாமத்தியவீடு

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் தங்கச்சியின் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் நீ உறையைக்கூடக் கிழிக்காமல் வியாழக்கிழமை கனடாவுக்கு விமானம் ஏறிவிடுவாய் என்று பயம். நீ வாசித்து முடிக்கும்வரை ஹவுன்ஸ்லோவில் உன் அறையைவிட்டு எழும்பக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பிறகு அவளும் வாசிக்கட்டும். அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டு ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான்.

போன ஞாயிறு போனில் உன்னை நச்சரித்தேன். போக முதல், உனக்குக் கலியாணம் பேசின அந்தப் பிள்ளையை ஒருக்கால் பார், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல் என்றேன். நீ கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ கத்தவில்லை. "என்னை நம்பி ஒரு பிள்ளை வரக்கூடாது அம்மா. டானியல் என்னை நம்பித்தானே போனவன்" என்றாய். கடைக்காரன் சாமான் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி, ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். நான் குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து, அப்பா வந்து நிறுத்தும்வரை எனக்கு மணமே தெரியவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவள் கிங்ஸ்பரியில் பருப்பு அவித்துக்கொண்டு இருக்கிறாள். அம்பு தன்னைத்தானே நொந்துகொண்டு நாட்டைவிட்டே போகிறது.

அந்த வருடத்தை உனக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்லவேண்டும், ஏனென்றால் நீ பார்த்த பக்கம் முழுப் பக்கம் இல்லை. உனக்குப் பதினேழு வயது. இரண்டு தெரு தள்ளியிருந்த டானியல் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடந்தான். யூதர்களின் சாப்பாட்டுச் சட்டப்படி எங்கள் வீட்டு இறைச்சியைத் தொடமாட்டான். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி, ஆனால் அவன் வந்தால் எந்த நாளும் மரக்கறி. "இந்தப் பொடியனாலை நாங்கள் எல்லாரும் சாமியாராகப் போறம்" என்று அப்பா பகிடி விடுவார். என் உழுந்து வடையை அவன் மாதிரி ரசித்துச் சாப்பிட்டவர் எங்கள் இனசனத்திலேயே இல்லை. நான் அவனில் பாசமாகத்தான் இருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பாசம் இருந்தும் செய்தேன் என்பதுதான் என் குற்றம்.

அந்த வசந்தத்தில் நகரின் வடக்கே யூதர்களுடைய சேமக்காலை ஒன்றில் புகுந்து, கல்லறைக் கற்களைப் புரட்டி, மேலே மை பூசிவிட்டுப் போனார்கள். டானியலின் அம்மப்பாவுடைய கல்லும் அதில் ஒன்று. பிறகு அதைக் கண்டித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் என்று அறிவித்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் என் பழைய கட்டில் விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்வளவுப் புல்லில் விரித்து, ஆளுக்கொரு தூரிகையோடு முழங்காலில் நின்று பதாகை எழுதினீர்கள். இரண்டு பக்கமும் கட்ட நான் வீடு கூட்டுகிற இரண்டு தும்புத்தடிகளின் கம்பைக் கழற்றிக்கொண்டு போனீர்கள். ஆளுக்கொரு தடி. ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பதாகை நிற்காது.

அன்று பின்னேரம் சிவம் அண்ணை வந்தார். அப்பாவின் சிநேகிதர், எங்கள் சங்கத்தின் செயலாளர், வந்தால் மூன்று தேத்தண்ணிக்கு எழும்பாத மனிசன். யன்னலால் பதாகையைப் பார்த்துவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, யூதருக்கு ஊர்வலமோ? இஸ்ரேல்காரர்தானே எங்கட ஊரிலை வந்து ஆமிக்குச் சுடப் பழக்கினவங்கள். எங்கட பொடியள் சாகேக்கை உவையள் ஆரேன் நடந்தவையே?"

"டானியல் நடந்தவன், மாமா. எங்கட ஆக்களைத் திருப்பி அனுப்பாதையுங்கோ எண்டு போன வருசம் நாங்கள் நடக்கேக்கை அவனும் வந்து பதாகை பிடிச்சவன். நீங்களும் அண்டைக்குப் பக்கத்திலைதான் நிண்டனீங்கள். அவன் ஆருக்குச் சுடப் பழக்கினவன்?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு. உலக அரசியல் விளங்குற வயசில்லை உனக்கு."

"அவன்ரை அம்மப்பான்ரை கல்லைப் புரட்டினதுக்கு என்ன உலக அரசியல் மாமா?"

அப்பா உன்னை அதட்டினார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. ஆனால் சிவம் அண்ணையின் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. பயந்தவளுக்கு ஒரு நியாயம் கையில் கிடைத்தால் அதைவிடப் பெரிய வரம் இல்லை. "எங்கட சாவுக்கு ஆர் அழுதவை" என்று நானும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அழுதவன் என் குசினியில் வடை தின்றுகொண்டு இருந்தான்.

அவன் வீட்டிலும் சண்டை என்று எனக்கு அவன்தான் சொன்னான். நீ குளித்துக்கொண்டு இருந்தாய். அவன் என் மேசையில் இருந்தான். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "அப்பா என்னைப் போகவேண்டாம் எண்டிட்டார், ஆன்டி. செத்த ஆக்களுக்கு அழுறம் எண்டு சொல்லி, மேடையிலை ஏறி இஸ்ரேலை ஏசுற ஆக்களோட நடக்கக் கூடாதாம். எங்கட பெரியாக்களும் அதைத்தான் சொல்லியிருக்கினம். ஊர்வலம் நடத்துறவை சொல்லினம், பாலஸ்தீனத்தைப் பற்றி ஆரையும் பேசவேண்டாம் எண்டு தாங்கள் சொல்லமாட்டினமாம். ஒவ்வொருத்தரும் மற்றவன் வந்தா நான் வரமாட்டன் எண்டு நிக்கினம். என்ரை அம்மப்பான்ரை கல்லு இன்னும் குப்புறத்தான் கிடக்குது."

"அப்ப நீ என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டேன்.

"நான் போறன். உங்கட மகன் வாறன் எண்டவன்தானே. பதாகை பிடிக்க இரண்டு பேர் காணும்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் நான் செய்தேன், தம்பி. ஏன் என்று கேட்பாய். உன் மாமா, என் தம்பி, ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலம் ஒன்றுக்குப் போனவன். காலையில் அவன் போட்ட சேட்டை நான்தான் மினுக்கிக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை. உடம்புகூட வரவில்லை. உனக்கு இவ்வளவும் தெரியும். தெரியாதது, அதற்கு முந்திய வருடம் எங்கட ஆக்களுக்காக நீ நடந்தபோது, நீ திரும்பி வரும்வரை நான் வாசலைவிட்டு அசையவில்லை என்பது. இங்கே எங்களுக்கு அப்போது நிரந்தர விசாவும் இல்லை. பொலிஸ் படம் எடுக்கும், படம் விசா பார்க்கிற ஹோம் ஒபிசுக்குப் போகும், நாலு பேரையும் பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிடுவான் என்று நான் நடுங்கினேன். டானியல் இந்த நாட்டுப் பிரசை, அவன் நடக்கலாம். என் பிள்ளை நடக்க ஏலாது. இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். உன்னை இருத்தி வைத்து, "எனக்குப் பயமாக இருக்கு மகன், போகாதை" என்று சொல்லியிருக்கலாம். நீ கேட்டிருப்பாயோ மாட்டாயோ, அது உண்மையான வார்த்தையாக இருந்திருக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. நான் குறுக்கு வழி பார்த்தேன்.

தங்கச்சி பெரியபிள்ளையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. சாமத்தியவீட்டை ஆவணியில் ஆறுதலாகச் செய்வோம் என்று அப்பாவும் நானும் பேசியிருந்தோம். திடீரென்று நான் வந்து, ஐயர் நாள் குறித்துவிட்டார், இந்த ஒரு ஞாயிறுதான் அவளுடைய நட்சத்திரத்துக்குப் பொருந்துகிறதாம், இதை விட்டால் ஒரு வருடத்துக்கு நாளே இல்லையாம் என்று சொன்னேனே. உன் முகம் விழுந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. "அண்டைக்குத்தானே அம்மா ஊர்வலம்" என்றாய். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மாமா இருந்தால் உன்னைக் கேட்பனே? மாமா நிண்டு தேங்காய் உடைக்கிற இடத்திலை இனி நீதானே நிக்கவேணும்" என்றேன். செத்துப்போன என் தம்பியை எடுத்து உன்னை மறித்தேன். அத்தோடு நீ ஊர்வலத்தை விட்டாய்.

ஐயர் அந்த நாளைக் குறிக்கவில்லை, மகன். நான் குறித்தேன். நான் நாளைச் சொன்னதும் அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அண்டைக்கு அட்டமி. ஒரு நல்ல காரியமும் செய்யேலாது" என்றார். மண்டபம் அன்றைக்குத்தான் கிடைக்கிறது என்று நான் பொய் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, உன் விருப்பம், பிறகு என்னைச் சொல்லாதே என்றார். அட்டமி நவமி பார்க்காமல் புதுச் செருப்புக்கூடப் போடாத நான், பெற்ற பெண்ணின் சாமத்தியவீட்டைத் தெரிந்துகொண்டு அட்டமியில் வைத்தேன். அப்பாவின் கண்ணில் படக்கூடாது என்று சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மீற்றர் பெட்டிக்குள் ஒளித்தேன். மனுசன் இரண்டு கிழமை நாள் தெரியாமல் அலைந்தது. அப்போது உள்ளுக்குள் சிரித்தேன். அதற்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் செய்தேன். ஊர்வலத்துக்கு இரண்டு நாளுக்கு முதல் டானியல் பதாகையை எடுக்க வந்தான். வரேலாது என்று போனில் சொல்லியிருந்த நீ, அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு மாடிக்குப் போய்விட்டாய். பதாகையை இரண்டு தடியோடும் அவனே சுருட்டித் தோளில் வைத்தான். என் நெஞ்சு குறுகுறுத்தது. அதை அடக்க, "ஊர்வலம் முடியப் பின்னேரம் மண்டபத்துக்கு வா தம்பி, எல்லாம் மரக்கறிதான், உனக்கு வடை எடுத்து வைக்கிறன்" என்றேன். என் மனச்சாட்சிக்கு நான் போட்ட வடை அது. அவன் வாறன் என்றான். சொன்னபடி வரத்தான் வெளிக்கிட்டான்.

நீ பட்டு வேட்டியோடு நின்று தேங்காய் உடைத்தாய். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது; கிழவிகள் நல்ல சகுனம் என்றார்கள். அந்த நேரம் அவன் ஊர்வலத்தின் வாலில், தனியாளாக விரிக்கமுடியாத பதாகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பிறகு ரயில் எடுத்து எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, மண்டபத்துக்கு வரும் வழியில் நாலு பேர் அவனை மறித்தார்கள். அவன் தலையில் யூதர்களுடைய சின்னத் தொப்பி இருந்தது. தோளில் பதாகை இருந்தது. பதாகையின் தடியைப் பறித்துத்தான் அடித்தார்களாம். என் தும்புத்தடியின் கம்பு. மண்டபத்தில் வீடியோக்காரன் தங்கச்சியை இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்று படம் பிடித்துக்கொண்டு இருந்தான். நான் ஒரு தட்டில் வடை எடுத்து மூடி வைத்துவிட்டு, பொடியன் வரவில்லையே, கோபமாக்கும் என்று நினைத்தேன்.

இடது கண் போய்விட்டது என்று அடுத்த நாள் மத்தியானம் அவனுடைய தாய் போனில் சொன்னா. நீ ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். வாசலில் அவனுடைய தகப்பன் நின்று, "கடைசியிலை நீங்களும் அவனைத் தனிய விட்டிட்டியள்" என்று சொல்லிக் கதவை மறித்தார். நீ வீட்டுக்கு வந்து எனக்கு அதைச் சொல்லிவிட்டு, "அந்தாள் சொன்னது சரிதானே அம்மா" என்று கேட்டாய். அதுதான் நான் பேசவேண்டிய நேரம். வாய்வரைக்கும் வந்தது. "சாப்பிடு மகன்" என்றேன். அதற்குப் பிறகு நீ மருத்துவத்துக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்தாய். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலைக்குப் போனாய். பிறகு ஹவுன்ஸ்லோவுக்குத் தனியாகப் போனாய். ஒவ்வொரு முறையும் நாளைக்குச் சொல்வேன் என்று நினைத்தேன். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தாலும், சோதனையில் புள்ளி குறைந்தாலும், அட்டமி அட்டமி என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அட்டமி அவளை ஒன்றும் செய்யவில்லை. அது உன்னைத்தான் பிடித்தது, அதுவும் என் கையால்.

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. திங்கட்கிழமை டானியலின் தாயைத் தெருவில் மறித்தேன். இத்தனை வருடமாகக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற மனிசி. ஒன்றும் கேட்காமல், கையிலிருந்த கடை ரசீதுத் துண்டின் பின்பக்கத்தில் விலாசம் எழுதித் தந்தா. அவன் லூயிஷாமில் இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். அன்று பின்னேரமே, சிவன் கோயிலுக்குப் போகிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். பொய் சொல்வது எனக்குக் கைவந்த கலை.

கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுவிட்டான். இடது கண் அசைவதில்லை. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தான். நான் ஐயரில் தொடங்கி வடைத்தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முடிந்த பிறகு அவன் சொன்னான்: "அண்டைக்கு உங்கட வீட்டுக்கு வந்த அந்த மாமா சொன்னதை அவன் எனக்குச் சொன்னவன்; சாமத்தியவீடு ஒரு சாட்டு, மாமா சொன்னதுதான் சரியெண்டு அவனுக்கும் பட்டிட்டுதாக்கும் எண்டு நான் ஏழு வருசமா நினைச்சுக்கொண்டு இருந்தனான், ஆன்டி. நான் யூதன், அதாலை விட்டிட்டான் எண்டு." தம்பி, அடி விழுந்த கண்ணைவிட அது அவனுக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்று நினைத்துப் பார். அவன் உன்னை அப்படி நினைக்க வைத்தவளும் நான்தான்.

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். "இதை அவனுக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப ஏன் என்னட்டை வந்தனீங்கள்?" நீயே ஒருக்கால் அவனுக்குப் போன் எடுத்துப் பேசு அப்பு என்று கெஞ்சினேன். "மாட்டன்" என்றான். "ஒருக்கா நான் அவனைத் தேடி நடந்தனான், ஆன்டி." நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இன்று காலை அப்பாவுக்கும் சொன்னேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அட்டமியிலையோ? பிள்ளையின்ரை சாமத்தியவீட்டை அட்டமியிலையோ வைச்சனீர்?" என்று அதையே மூன்று தரம் கேட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பிள்ளைக்குக் கண் போய், இன்னொரு பிள்ளைக்கு வாழ்க்கை போய்க் கிடக்கிறது, இந்த மனுசன் அட்டமியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று ஏசப் போனேன். பார்த்தால் அழுதுகொண்டு இருக்கிறார். உன்னைப் பெட்டி தூக்குகிறவன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டியவர் அவர்தானே. அது இப்போது அவரைச் சுடுகிறது.

அம்மா என்றால் புத்தி சொல்லவேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், பயமாக இருக்கும்போது பயமாக இருக்கிறது என்று அதனிடம் சொல். கடவுளை, சாதகத்தை, செத்தவர்களைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தாதே. உனக்குப் பிள்ளை பிறக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். உன்னை நம்பி ஒருத்தி வரலாம். நீ ஒருவரையும் கைவிடவில்லை. உன்னைக் கட்டி வைத்தவள் நான், கட்டுப்பட்டு நின்றதற்கு நீ ஏன் தண்டனை அனுபவிக்கிறாய்? அந்தப் பழியை இறக்கி வை. அது என்னுடையது, நான் சுமக்கிறேன். இதற்குப் பிறகு எனக்கு மகன் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத வரவில்லை. அது எனக்குப் பரவாயில்லை இல்லை, தம்பி. எனக்குத் தாங்காது. ஆனாலும் அதைப் பார்த்து நீ என்னிடம் இரக்கப்படாதே.

கடைசியாக ஒன்று. முதலிலேயே எழுதியிருந்தால் மிச்சத்தை வாசிக்காமல் நீ ஓடியிருப்பாய், அதனால்தான் வைத்திருந்தேன். நான் படியிறங்கிய பிறகு டானியல் கதவைச் சாத்தவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னான்: "புதன்கிழமை எனக்கு அரைநாள்தான் பள்ளிக்கூடம். ஒரு மணிக்குப் பிறகு வீட்டிலைதான் நிப்பன்."

நாளைக்குப் புதன்கிழமை, மகன். என்னிடம் வராதே. அங்கே போ.

அம்மா